சங்கப் பிரதிநிதிக்கு ஃபோன் போடும் முன் ரிப்போர்ட்டைப் போடுங்கள்

கேள்வி: சென்னை பேஸில் ஃபர்ஸ்ட் ஆபிசராக (துணை பைலட்) இருக்கிறேன். கடைசி நேரத்தில் ராஸ்டரை (டியூட்டி அட்டவணை) மாற்றுவதால் ஓய்வு குறைகிறது. பைலட் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை எழுதியும் பலனில்லை. பிரதிநிதியிடம் எப்படிச் சொன்னால் வேலை நடக்கும்? மேனேஜ்மென்ட் காதுக்குப் போனால் கமாண்ட் அப்கிரேடு (கேப்டன் பதவி உயர்வு) தள்ளிப்போகுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: குழுவில் எழுதினால் நாலு பேர் ‘எனக்கும்தான்’ என்பார்கள், அதற்குள் யாரோ குட் மார்னிங் படம் போட்டுவிடுவார். நான் பல வருடம் பிரதிநிதியாக இருந்தவன். ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் பதினோரு வாய்ஸ் நோட் அனுப்பினார். அத்தனையும் கேட்டு முடித்த பிறகும் எந்தத் தேதி, எந்த ஃபிளைட் என்று எனக்குப் பிடிபடவில்லை. மனுஷன் சொன்னது நிஜம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆபரேஷன்ஸ் ஆபீசில் என்ன பேசுவது?

முதலில் ஃபடீக் ரிப்போர்ட்டை (களைப்பைக் கம்பெனிக்குத் தெரிவிக்கும் ரிப்போர்ட்) போட்டுவிடுங்கள். பிறகு பிரதிநிதிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “14-ம் தேதி அதிகாலை 2.10-க்கு டியூட்டி முடித்து சைன் ஆஃப். அன்று எனக்கு மாலை 5 மணிக்கு அடுத்த டியூட்டி ரிப்போர்ட்டிங் இருந்தது. காலை 9.20-க்கு ஷெட்யூலிங்கிலிருந்து ஃபோன் செய்து மதியம் 1.30-க்கு மாற்றினார்கள். ஓய்வு 11 மணி 20 நிமிடம். ஃபடீக் ரிப்போர்ட் எண் இது. பழைய ராஸ்டர், புது ராஸ்டர் இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன்.” ஓய்வு குறைந்தது 12 மணி நேரம், முந்தைய டியூட்டி அதைவிட நீண்டிருந்தால் அவ்வளவு நேரம் என்பது விதி. நாற்பது நிமிடம் குறைகிறது. பிரதிநிதி வாதாடவே வேண்டாம், கணக்கே பேசிவிடும். அந்தக் காலை ஃபோனும் முக்கியம், தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

ஃபடீக் ரிப்போர்ட்டை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) வெளியிட்ட விதிகளின்படி, வந்த ரிப்போர்ட்டுகளையும் எடுத்த நடவடிக்கையையும் ஏர்லைன்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்குத் தர வேண்டும். நீங்கள் போடாத ரிப்போர்ட் அந்தக் கணக்கில் வராது. ரிப்போர்ட் கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது, விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. காகிதத்தில் இருப்பது எல்லா இடத்திலும் நடக்கிறதா என்றால், இல்லை. பெயர் வெளியே வரக் கூடாது என்று பிரதிநிதியிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே ரூட்டில் ஐந்தாறு பேரின் ரிப்போர்ட் எண்கள் கையில் இருந்தால், அவர் யார் பெயரையும் சொல்லாமலே பேசுவார்.

வார ஓய்வை 36-லிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியதும், இரவு லேண்டிங்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் அந்த விதிகள்தான். 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக வந்தன. டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது அந்த விதிகளில் சிலவற்றிலிருந்து தற்காலிக விலக்கும் கிடைத்தது. எனவே உங்கள் கம்பெனிக்கு இன்று எது பொருந்தும் என்பதைப் பிரதிநிதியிடமே கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

கம்பெனி மெயிலிலோ கம்பெனி ஐபேடிலோ எழுத வேண்டாம். சொந்த ஃபோன், சொந்த மெயில். மற்ற க்ரூவின் பெயரைச் சேர்க்காதீர்கள்.

ஹார்ட் லேண்டிங் (விமானம் பலமாகத் தரையில் இறங்குவது) போல ஏதாவது நடந்திருந்தால் விஷயமே வேறு. கட்டாய ரிப்போர்ட்டைத் தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், பதில் எழுதும் முன் பிரதிநிதியிடம் காட்டுங்கள். ஆனால் அவரிடம் மனம்விட்டுக் கொட்டும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு சங்கப் பிரதிநிதியிடம் சொல்வதற்குக் கிடையாது. லைசன்ஸுக்கே ஆபத்து என்று தோன்றினால் வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இன்று ராத்திரி ஃபிளைட்டில் பறக்க முடியாத களைப்பு என்றால் பிரதிநிதியின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஷெட்யூலிங்குக்கு ஃபோன் செய்து ‘ஃபடீக், பறக்க முடியாது’ என்று நீங்களே சொல்லுங்கள், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிக்கு மெசேஜ் தூங்கி எழுந்து போடலாம்.