ஒரே வளையம், ஓரிடத்தில் நில்லாத மனம்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில், ரப்பர் வளையங்களில் வெடிப்போ பிசிறோ இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக் குறைபாட்டுக் கோளாறு இருப்பதைக் கடந்த ஆண்டு மருத்துவர் கண்டறிந்து, மீதைல்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்திருக்கிறார். காலையில் சமாளித்துவிடுகிறேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் வளையத்தில் இருந்தாலும் மனம் அங்கே இருப்பதில்லை. குறையுள்ள வளையங்கள் தப்பிப்போகின்றன. 'உனக்கு அக்கறை இல்லை' என்கிறார் சூப்பர்வைசர். வேலையை விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: அக்கறை இல்லாதவருக்குத் தப்பிப்போன வளையம் உறுத்தாது, சகோதரி, அந்தச் சொல்லை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நார்மன் மெக்வொர்த் என்ற உளவியலாளர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், கடிகாரம் போன்ற கருவியில் நகரும் முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, நல்ல கவனமுள்ளவர்களும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே தவறவிடத் தொடங்கினார்கள். ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்கோ, புதுமையும் உடனடிப் பலனும் இல்லாத வேலையில் மனத்தை நிறுத்திவைப்பது இன்னும் கடினம். ஆகவே மனத்தை அதட்டுவதைவிட வேலையின் அமைப்பை மாற்றுவதுதான் பயன் தரும்.

அரை மணிக்கு ஒருமுறை பேக்கிங்கில் இருப்பவரும் நீங்களும் இடம் மாறிக்கொள்ளச் சூப்பர்வைசரிடம் அனுமதி கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "மாறி மாறிச் செய்தால் குறையுள்ள வளையங்கள் தப்புவது குறையும், ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அண்ணே" என்று தரத்தை முன்வைத்துக் கேட்டால் அவர் காதுகொடுக்க வாய்ப்பு அதிகம். அது கிடைக்காவிட்டால், பெரிய டிரேயில் இருப்பதைச் சிறு சிறு குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலும் முடிந்ததும் எழுந்துபோய் நீங்களே கொண்டுவைத்துவிட்டு வாருங்கள்.

காலைக்கும் மதியத்துக்கும் நீங்கள் சொல்லும் வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மீதைல்ஃபெனிடேட்டின் சாதாரண வகை மாத்திரை ஏறத்தாழ நான்கு மணி நேரமே வேலை செய்யும் என்பதால், காலையில் போட்டதன் பலன் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்திருக்கலாம். எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறீர்கள், எத்தனை மணிக்குக் கவனம் சரிகிறது என்று சில நாட்கள் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி, இந்த இரண்டையும் செய்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். அப்போதும் முடியவில்லையென்றால், அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச் போன்று நடமாட்டமும் மாற்றமும் உள்ள பிரிவு கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.