மேடைக் கேள்விகள்: வெளிச்சமே வரலாறு

கேள்வி: ஐரோப்பிய நாடக வரலாற்றை ஒரு மணி நேரப் பரிசோதனை நாடகமாகச் செய்கிறோம். ஆறு நடிகர்கள், முற்றத்தோடு கூடிய சிறிய அரங்கு, கிரேக்கம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாடகாசிரியர் பெக்கெட் வரை பன்னிரண்டு காட்சிகள். ஒத்திகையில் பாடம் நடத்துவதுபோல இருக்கிறதே?
(கல்லூரி நாடகக் குழு, அடையாறு)

பதில்: பன்னிரண்டை நான்காகக் குறையுங்கள். காட்சிக்கு ஐந்து நிமிடம் என்றால் உடை மாற்றவே ஒன்றரை நிமிடம் போய்விடும். அந்த இடைவெளியை நிரப்ப ஓர் அறிவிப்பாளரை வைத்திருப்பீர்கள். வகுப்பெடுப்பவர் அவர்தான், அவரை எடுத்துவிடுங்கள். பார்வையாளர் எங்கே இருக்கிறார், அவர்மேல் என்ன வெளிச்சம் விழுகிறது என்பது மாறினாலே காலம் மாறியது புரியும்.

மாசியில் சென்னையில் சூரியன் மறைய மாலை 6.15 ஆகும். 5.40க்கு முற்றத்தில் தொடங்குங்கள். ஏதென்ஸில் நாடகம் பகலில்தான் நடந்தது. வட்டமாக ஐந்து பேர் கோரஸ், அதாவது சேர்ந்து பாடிப் பேசும் குழு; நடுவில் ஒரே நடிகர். பிறகு கோரஸிலிருந்து ஒருவர் பிரிந்து எதிரே நிற்கட்டும். இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவர் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைச் சேர்த்தவர் சோபக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். இரண்டாமவர் வந்ததும் வாக்குவாதம் பிறப்பதை, விளக்கமே இல்லாமல், கூட்டம் கண்ணால் பார்த்துவிடும்.

அடுத்து வண்டி. இங்கிலாந்தின் யார்க் நகரில் இடைக்காலத்தில் கைவினைஞர் சங்கங்கள் வண்டிகளில் விவிலியக் காட்சிகளைத் தெருத்தெருவாக நடத்தின. நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுடையது! உங்களுக்குப் பழம் விற்கும் தள்ளுவண்டி ஒன்று போதும். மேலே இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள்; இல்லையென்றால் நடிகர் திரும்பும்போதே வண்டி நகரும். இதைப் பார்வையாளர் நின்றபடி பார்க்க வேண்டும். கடைசியில் அந்த வண்டியே அவர்களை அரங்குக்குள் அழைத்துப் போகட்டும்.

உள்ளே போனதும் இருட்டாக்காதீர்கள். மெழுகுவத்திக் காலத்தில் மேடையைப் போலவே பார்வையாளர் பகுதியும் வெளிச்சமாக இருந்தது. மஞ்சள் எல்.இ.டி. விளக்கில், எதிரெதிர் வரிசைகளில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் நடத்துங்கள். கண்ணும் பழகிவிடும், படியில் யாரும் தடுக்கி விழமாட்டார்கள். பிறகு நாற்பது விநாடியில் மெல்ல அணையுங்கள். 1876இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் இசைநாடகக்காரர் வாக்னர் பார்வையாளர் பகுதியை இருட்டாக்கிய மாற்றம் இது. எதிர் வரிசை முகங்கள் மறையும் அந்தக் கணத்தில் ஒரு வசனமும் வேண்டாம். நான்காவது காட்சி ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்: கூட்டத்தின்மேல் பாதி வெளிச்சத்தைத் திரும்பக் கொடுங்கள், மேடை விளக்குகள் மறைப்பில்லாமல் தெரியட்டும். நம் தெருக்கூத்துக் கட்டியக்காரன் பார்வையாளரோடு நேராகப் பேசுவது இங்கே அழகாகப் பொருந்தும்.

கேள்வி: கிரேக்க முகமூடி போட்டால் வசனம் கேட்கவில்லை. (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: வாய்த் துளை சிறிதாக இருக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். உள்பக்கம் உதட்டில் ஒட்டாமல் அரை அங்குலம் விலகி நிற்கட்டும். மைதாப் பசையில் ஆறு அடுக்குக் காகிதம் சரியான கனம். ஒவ்வோர் அடுக்கும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. நம் ஊர் ஈரக்காற்றில் அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வியர்வையில் ஊறாமலிருக்க உள்ளே வார்னிஷ் பூசி, நெற்றியில் பருத்தித் துணி ஒட்டுங்கள். கொம்மேதியா எனும் இத்தாலிய முகமூடி நகைச்சுவை நாடகக் காட்சிக்கு மேலுதடு வரை வரும் அரை முகமூடிதான். அதில் இந்தச் சிக்கலே வராது.

கேள்வி: நான்கு ‘பார்’ (PAR) மேடை விளக்கு போட்டதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. (வாசகர், கொளத்தூர்)

பதில்: 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சேர்ந்தால் 17ஐத் தாண்டும். உங்கள் இணைப்பு தாங்குவது 16 ஆம்பியர்தான். மூன்றோடு நிறுத்துங்கள், அல்லது நான்காவதைத் தனி இணைப்பில் கொடுங்கள்.

கேள்வி: பிரெக்ட், பெக்கெட் வசனங்களைப் பேச அனுமதி வேண்டுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். பிரெக்ட் 1956இல் இறந்தார். ஜெர்மன் மூலத்திலிருந்து நேராகத் தமிழாக்கினால் தடையில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தால் அந்த மொழிபெயர்ப்பாளரின் உரிமையைப் பாருங்கள். பெக்கெட் இறந்தது 1989இல். 2049 முடியும்வரை அனுமதி வேண்டும்.