மகளுக்குக் கோதுமை ஆகாது, பாட்டிக்குச் சப்பாத்தி வேண்டும்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக ரத்தசோகை. டானிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். போன மாதம் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, சீலியாக் நோய் என்றார்கள். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாதாம். எங்கள் அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் தினமும் ராத்திரி வீட்டில் சப்பாத்திதான். "நம்ம ஊர்ல யாருக்கு இப்படி ஒரு வியாதி வந்திருக்கு? கொஞ்சூண்டு சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்கிறார் அவர். மகளோ எல்லோர் தட்டையும் பார்த்துவிட்டுத் தன் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாள். இரண்டு சமையல் செய்து எனக்கும் முடியவில்லை.
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தனிச் சமையலை முதலில் நிறுத்துங்கள், சகோதரி. ராத்திரிச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அதில் கோதுமை வேண்டாம். சப்பாத்தி கிடைக்காதது எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரிய வருத்தமாக இருக்காது. தன் தட்டு மட்டும் வேறாக இருப்பதுதான் உறுத்தும்.

உங்கள் ஊர்ப் பக்கத்துச் சமையலில் இது முடியாத காரியமே இல்லை. அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, கம்பஞ்சோறு, ராகிக் களி, பச்சைப்பயறு தோசை, அடை என்று எதை எடுத்தாலும் அதில் கோதுமைக்கு வேலையே கிடையாது. அத்தையின் சர்க்கரைக்குச் சப்பாத்திதான் மருந்து என்று நிறைய வீடுகளில் நம்புகிறார்கள். கோதுமையும் மாவுச்சத்துதான். எவ்வளவு சாப்பிடுகிறோம், கூடவே பருப்பும் காயும் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் கணக்கு. பருப்பு தூக்கலாகப் போட்ட அடை இரண்டு, ஒரு கிண்ணம் கீரைக் கூட்டு என்று கொஞ்ச நாள் கொடுத்து, சர்க்கரை அளவைப் பாருங்கள். அவர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். களி மட்டும் அவருக்கு அளவோடு.

'கொஞ்சூண்டு' என்று அத்தை கேட்டதற்குக் கோபப்படாதீர்கள். பேத்தி ஆசைப்படுகிறாளே என்று மனசு கேட்காமல்தான் சொல்கிறார். அவருக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் குழந்தையின் எதிர்ப்புசக்தியே அவளுடைய சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அதனால்தான் இத்தனை டானிக் குடித்தும் இரும்புச்சத்து உடம்பில் சேரவில்லை. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடுகிறது என்று ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு துண்டு பிரெட்டில் இருப்பது இதைப்போலப் பல மடங்கு. சாப்பிட்ட அன்று வயிறு வலிக்காமலும் இருக்கலாம். 'ஒண்ணும் ஆகலையே' என்று ஏமாந்துபோவது அங்கேதான்.

நம்ம ஊரில் யாருக்கும் இல்லை என்று அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வடக்கே ஆயிரத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒருவர். இதற்கு இடம் கொடுக்கும் மரபணு நம்மிடமும் குறைவில்லை. கோதுமைதான் நாம் குறைவாகச் சாப்பிட்டோம்.

இப்போது அஞ்சறைப் பெட்டிக்கு வருவோம். நான் உணவு ஆலோசனை சொல்லும் குடும்பங்களில், சப்பாத்தியையும் பிஸ்கட்டையும் ஒழித்த பிறகும் குழந்தைக்கு டி.டி.ஜி. அளவு (இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்கவில்லை என்று வந்தால், நான் முதலில் கொண்டுவரச் சொல்வது பெருங்காய டப்பாவை. அதைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப்பெருங்காயம். அசல் பிசின் அதில் கொஞ்சம்தான். மீதி கோந்தும் மாவும். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. தூளில் மட்டும் என்று நினைக்காதீர்கள், கட்டியிலும் அப்படித்தான். சாம்பார், ரசம், மோர், புளியோதரை, ஊறுகாய், இட்லிப் பொடி, கோயில் சுண்டல் என்று அது போகாத இடம் ஏது? அரிசி மாவு சேர்த்து, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் இப்போது கிடைக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் குளூட்டன் இருந்தால் அப்படிப் போடக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. அது கிடைக்கும்வரை பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். குறை தெரியாது. கடைச் சாம்பார் பொடி, ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள், சோயா சாஸ் எல்லாவற்றிலும் இதேபோல் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் மாவு மில். உங்களுக்கு முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துப் போயிருப்பார். அதே இயந்திரத்தில் உங்கள் ராகியைக் கொட்டினால் முதலில் விழுவது அவர் மாவுதான். கோதுமைக்குத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாம். வீட்டில் பழைய சல்லடையையும் பூரிக் கட்டையையும் எடுத்து வைத்துவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் மாவு நிற்கும். தோசைக்கல் ஒன்று புதிதாக வாங்குங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு அப்பளம் பொரிக்க வேண்டாம்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் நேரில் பேசி, எழுதியும் கொடுங்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். அன்றைக்குக் கொடுப்பதற்குக் கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ முன்கூட்டியே டீச்சரிடம் இருக்கட்டும். கல்யாண வீட்டில் வெறும் சோறு, தயிர், வாழைப்பழம் போதும். மற்றதை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அவளிடம் விடாதீர்கள்.

பண்டிகைக்கு ஒப்புட்டு வேண்டாம், மைதா இருக்கும். பச்சரிசியும் வெல்லமும் சேர்த்துச் செய்கிற கச்சாயம் இருக்கிறதே! அதன் பக்குவம் அத்தைக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தகை பிழியும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தேங்காய்ப்பால் எடுக்கச் சொல்லுங்கள். தான் கையால் பிழிந்து கொடுப்பதைப் பேத்தி வயிறு நிறையச் சாப்பிடுவதை நாலு வாரம் பார்த்தால், சப்பாத்திக்காக அவர் வாதாட மாட்டார் என்பது என் நம்பிக்கை.

ஒன்று மறக்க வேண்டாம். நோய் உள்ளவரின் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள், உங்கள் கணவர், வேறு பிள்ளை இருந்தால் அவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. வீட்டிலேயே ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?
வாசகர், ஓசூர்

பதில்: பரிசோதனைக்கு முன்னால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்திலும் பயாப்ஸியிலும் நோய் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். அப்புறம் பரிசோதனைக்காகவே மறுபடி வாரக்கணக்கில் கோதுமை கொடுத்து, குழந்தையைத் திரும்பவும் வயிற்றுவலியில் தள்ள வேண்டியிருக்கும். வயிற்றுப்போக்குக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. குழந்தைகள் நல மருத்துவரிடம் இந்த வாரமே காட்டி, டி.டி.ஜி. பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதுவரை வழக்கமான சாப்பாடே கொடுங்கள்.