டைகுரோமேட்டுக்கு எலக்ட்ரான் 3 ஆ, 6 ஆ?

கேள்வி: அமிலக் கரைசலில் டைகுரோமேட் (Cr₂O₇²⁻) ஒடுக்கமடையும்போது, அதாவது எலக்ட்ரான் பெறும்போது, குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +6-இலிருந்து +3-க்கு வருகிறது. வித்தியாசம் 3. விடைக்குறிப்பிலோ 6 எலக்ட்ரான் என்று இருக்கிறது. எது சரி? 6 என்றால் மின்முனை அழுத்தத்தையும் இரட்டிப்பாக்க வேண்டுமா?

பதில்: இரண்டும் சரி. 3 என்பது ஒரு குரோமியத்தின் கணக்கு. டைகுரோமேட் அயனியில் இருப்பது 2 குரோமியம். அதனால் அரைவினையில் (எலக்ட்ரான் பெறுவதையோ இழப்பதையோ மட்டும் தனியே எழுதும் சமன்பாட்டில்) 6.

இதில் சந்தேகம் வந்தால் ஆக்சிஜனேற்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இடப்பக்கம் ஒரு டைகுரோமேட், வலப்பக்கம் 2 குரோமியம் அயனிகள். இடப்பக்கத்து 7 ஆக்சிஜனுக்கு ஈடாக வலப்பக்கம் 7 நீர். அந்த நீருக்குத் தேவையான 14 ஹைட்ரஜன் அயனிகளை இடப்பக்கம் சேருங்கள். இப்போது மின்சுமையைக் கூட்டுங்கள்: இடப்பக்கம் டைகுரோமேட்டின் −2, ஹைட்ரஜன் அயனிகளின் +14 சேர்ந்து +12, வலப்பக்கம் இரண்டு +3 சேர்ந்து +6. சமமாக வேண்டுமானால் இடப்பக்கம் 6 எலக்ட்ரான் வேண்டும். அவ்வளவுதான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அழுத்தம் 1.33 வோல்ட், அதைத் தொடாதீர்கள். வோல்ட் என்பது ஒரு கூலும் மின்சுமைக்கு இத்தனை ஜூல் என்ற விகிதம். வினையை எந்த எண்ணால் பெருக்கினாலும் ஆற்றலும் மின்சுமையும் சேர்ந்தே பெருகும், விகிதம் அப்படியே நிற்கும். ஃபெரஸ் இரும்புடன் (Fe²⁺) வினை என்றால் இரும்பின் அரைவினையை 6-ஆல் பெருக்குவீர்கள், அதன் 0.77 வோல்ட்டைப் பெருக்க மாட்டீர்கள். கல அழுத்தம் 1.33-இல் 0.77 போக 0.56 வோல்ட். எலக்ட்ரான் எண்ணிக்கை தேவைப்படும் இடம் வேறு: ஒரு மோல் டைகுரோமேட்டை ஒடுக்க 6 ஃபாரடே (ஒரு ஃபாரடே என்பது ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை), அதாவது சுமார் 5,79,000 கூலும்.

'பெர்மாங்கனேட் 5, டைகுரோமேட் 6' என்று மனப்பாட அட்டவணை அச்சடித்து விற்கிறார்களே, அதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பெர்மாங்கனேட்டுக்கு 5 என்பது அமிலத்தில் மட்டும். நடுநிலைக் கரைசலில் 3, வலுவான காரத்தில் 1. விற்பவர் அதைச் சொல்வதில்லை. கடைசி எண்ணுக்கு மட்டும் மதிப்பெண் போடும் தேர்வுமுறை இருக்கும்வரை இந்த வியாபாரமும் ஓடத்தான் செய்யும்.

அதே அட்டவணைகள் 'ஆக்சிஜன் என்றால் −2' என்றும் சொல்லும். பெரும்பாலும் சரி. ஆனால் உங்கள் டைகுரோமேட்டே அந்த விதியைக் கவிழ்க்கும். அமிலம் கலந்த அதன் குளிர்ந்த கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் நீலநிறத்தில் குரோமியம் பெராக்சைடு தோன்றும். அதில் ஒரு குரோமியம், 5 ஆக்சிஜன். கண்ணை மூடிக்கொண்டு −2 போட்டால் குரோமியத்துக்கு +10 வரும். இழப்பதற்குக் குரோமியத்திடம் இருப்பதே 6 எலக்ட்ரான்தான், பத்துக்கு எங்கே போகும்? 5-இல் 4 ஆக்சிஜன்கள் இரண்டிரண்டாகத் தமக்குள் பிணைந்திருக்கின்றன. அவற்றுக்குத் தலா −1. மீதி ஒன்றுக்கு மட்டும் −2. கூட்டினால் −6, ஆகவே குரோமியம் +6. டைகுரோமேட்டிலும் அதே +6 தான். பெராக்சைடு ஆக்சிஜனும் −1-லேயே இருக்கிறது. ஆக, இந்த நீலம் உண்டாகும் படியில் ஆக்சிஜனேற்றமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை. +10 என்று நம்பியவர் மட்டும் இல்லாத 4 எலக்ட்ரான்களுக்கு அரைவினை எழுதிக்கொண்டிருப்பார்.