கல்லூரி படிக்கும் தம்பி ஆறு மாதமாக ஒதுங்கியே இருக்கிறான், இது சைக்கோசிஸின் (எது நிஜம், எது பிரமை என்று பிரித்தறிய முடியாமல் போகும் மனநோய்) தொடக்கமா?

ஒதுங்கி இருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மனச்சோர்வு, தேர்வு பயம், காதல் தோல்வி என்று எதுவும் காரணமாக இருக்கலாம். முன்பு இருந்த தம்பிக்கும் இப்போது இருப்பவனுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். நன்றாகப் படித்தவன் அரியர் வைக்கிறானா? குளிக்கக்கூட மனமில்லாமல் கிடக்கிறானா? ராத்திரி தூக்கம் போய்விட்டதா?

இவற்றோடு சந்தேகமும் சேர்ந்தால் சங்கதி வேறு. பக்கத்து வீட்டில் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பது, டிவி செய்தி தனக்காகவே சொன்னதாகத் தோன்றுவது, யாரும் இல்லாதபோது பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் அடிக்கடி கேட்பது. தொடக்கத்தில், "அப்படித் தோணுது, ஆனா பிரமையாவும் இருக்கலாம்" என்று அவர்களே சொல்வதுண்டு. அந்தத் தயக்கம் போய் முழு நம்பிக்கையாகிவிட்டால் காத்திருக்கக் கூடாது.

பயந்துவிடாதீர்கள். ஆபத்து நிலையில் இருப்பதாக மருத்துவர்கள் கணித்தவர்களிலேயே 3 ஆண்டுகளுக்குள் சைக்கோசிஸ் வருவது சுமார் 4 பேரில் ஒருவருக்குத்தான். நெருங்கிய உறவில் யாருக்காவது இந்நோய் இருந்தாலோ, கஞ்சா பழக்கம் இருந்தாலோ ஆபத்து கூடும். கஞ்சாவைப் பற்றி அதட்டாமல் கேளுங்கள், அதட்டினால் பொய்தான் வரும்.

அவனோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் வருவார்கள். கோயில், மந்திரிப்பு எல்லாம் உங்கள் விருப்பம், அதற்காக மனநல மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். சென்னையில் மனநல சிகிச்சைக்கான ஸ்கார்ஃப் (SCARF) நிறுவனம் இருக்கிறது. எங்கிருந்தும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இலவசமாகப் பேசலாம். சாவதைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.