புதிய மடிக்கணினியில் பழைய விளையாட்டைத் திறந்தால் 'வன்பொருள் முடுக்கம் இல்லை' என்கிறதே, என்ன செய்வது?

கேட்டவரின் நிலைமை இது: விண்டோஸ் 11, 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு, அண்மையில் வாங்கிய மடிக்கணினி. அதில் 1997 முதல் 2003 வரை வெளிவந்த விளையாட்டுகள் நான்கைந்தை ஏற்றியிருக்கிறார். ஒன்று, வன்பொருள் முடுக்கம் இல்லை, அதாவது முப்பரிமாணப் படத்தைச் செயலிக்குப் பதிலாக வரைந்து தரும் கார்டே இல்லை என்கிறது. இன்னொன்று ஓடுகிறது, ஆனால் படம் கட்டம் கட்டமாக இருக்கிறது. மூன்றாவது திறந்த கையோடு மூடிக்கொள்கிறது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்டும் பலன் இல்லை.

டிரைவரை விட்டுவிடுங்கள். அதன்மேல் குற்றம் இல்லை. கார்டின் மேலும் குற்றம் இல்லை. விளையாட்டு கேட்கும் கேள்வி புரிகிற ஆள் அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. மொத்தம் 4 எம்பி நினைவகம். முப்பரிமாணம் மட்டும்தான் வரையும். சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு வேண்டும். இரண்டையும் கணினிக்கு வெளியே ஒரு குட்டிக் கேபிளால் இணைக்க வேண்டும். அந்தக் கார்டோடு பேசுவதற்கு கிளைட் என்று ஒரு தனி மொழி. அன்றைய விளையாட்டுகளில் சில அந்த ஒரு மொழியைத்தான் கற்றிருந்தன. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்கப்போவதாக அறிவித்துக் கடையைக் கட்டியது. கார்டு போனது, மொழியும் போனது. விளையாட்டு மட்டும் இன்னும் வாசலில் நின்றுகொண்டு "வூடூ இருக்கிறாரா?" என்று கேட்கிறது.

மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் தொகுப்பில் இருபரிமாணத்துக்கு டைரக்ட்டிரா, முப்பரிமாணத்துக்கு டைரக்ட்3டி என்று மொழிகள் உண்டு. டைரக்ட்3டி பேசும் விளையாட்டுகளின் சிக்கல் வேறு. அந்தக் காலத்து நிரல்களில் பல, கார்டின் நினைவகத்தை 32 பிட் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். 2 ஜிபியைத் தாண்டினால் அந்த எண் சில நிரல்களில் எதிர்மறையாகிவிடும். ஆக, 16 எம்பி போதும் என்று பெட்டியில் அச்சடித்த விளையாட்டு, 8 ஜிபி வைத்திருப்பவரைப் பார்த்து "உங்களிடம் போதுமான நினைவகம் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடும்.

விளையாட்டைப் பொய் சொல்லி ஏமாற்றும் வித்தையை நான் கற்றது இதற்கு நேர் எதிரான சூழ்நிலையில். 2004, திருச்சி. எங்கள் வீட்டுக் கணினியில் தனிக் கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ்தான். வைரஸ் புகுந்துவிட்டதென்று ஒரு சர்வீஸ்காரர் வந்து விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டுவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலை விளையாட்டைத் திறந்தால் வன்பொருள் முடுக்கம் இல்லை என்கிறது. நேற்றுவரை ஓடியது. ஒரு நண்பன் சொல்லிக்கொடுத்தபடி டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைச் சாளரத்தைத் திறந்து பார்த்தேன். டைரக்ட்டிரா முடுக்கம், டைரக்ட்3டி முடுக்கம், ஏஜிபி முடுக்கம் என்று மூன்று வரிகள். மூன்றுக்கும் எதிரே 'கிடைக்கவில்லை'. சர்வீஸ்காரரைக் கேட்டால் கார்டு வாங்க வேண்டும், 4000 ரூபாய் ஆகும் என்றார். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பரணில் தீபாவளிப் பட்டாசுப் பெட்டியைத் தேடும்போது மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி கையில் தட்டுப்பட்டது. உள்ளே ஒரு சிடி. அதிலிருந்த கிராபிக்ஸ் டிரைவரைத்தான் அவர் போடாமல் போயிருந்தார். பத்து நிமிடத்தில் மூன்று வரிகளும் 'இயக்கத்தில் உள்ளது' என்று மாறின. என் வாழ்க்கையில் டிரைவர் போட்டுத் தீர்ந்த ஒரே சிக்கல் அது என்பதால் குறிப்பிடுகிறேன்.

அதன்பிறகு வந்தவற்றுக்கு டிரைவர் போதவில்லை. ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் ஷேடர் உண்டா, வடிவக் கணக்கைக் கார்டே போடுமா என்று விளையாட்டுகள் விசாரிக்க ஆரம்பித்தன. பணம் கொடுத்துக் கார்டு வாங்கியவர்களும் தப்பவில்லை. ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் என்று பெயரில் 4 இருக்கும், பிக்சல் ஷேடர் இருக்காது. அப்போது எங்கள் தெருவில் ஒரு சிடி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் 3டி அனலைஸ் என்ற சின்ன நிரல். விளையாட்டு விசாரிக்கும்போது இது நடுவில் புகுந்து "எல்லாம் இருக்கிறது, தாராளமாக வாருங்கள்" என்று கூசாமல் பொய் சொல்லும். 2005இல் ஸ்விஃப்ட்ஷேடர் வந்தது. அது கார்டின் வேலை முழுவதையும் செயலியின் தலையில் கட்டியது. படம் தெளிவாக வரும். ஆனால் நாயகன் ஒரு படிக்கட்டு ஏறி முடிப்பதற்குள் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

உங்களுக்கு இன்று வேண்டியதும் ஒரு பொய்தான். நாங்கள் இல்லாததை இருப்பதாகச் சொன்னோம். நீங்கள் இருப்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கென்றே இரண்டு நிரல்கள் இருக்கின்றன: டிஜிவூடூ2, என்கிளைட். இரண்டும் இலவசம். என்கிளைட் வூடூ மொழியை மட்டும் இன்றைய கார்டுக்குப் புரியும்படி மாற்றும். டிஜிவூடூ2 அதையும் செய்யும், பழைய டைரக்ட்டிரா, டைரக்ட்3டி வகைகளையும் பார்த்துக்கொள்ளும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் டிஜிவூடூ2தான் என் தேர்வு. இரண்டையும் அவற்றை எழுதியவர்களின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டும் எடுங்கள். சில வைரஸ் தடுப்பு நிரல்கள் டிஜிவூடூவைக் கண்டால் அலறும். வேறு இடத்தில் எடுத்திருந்தால் அந்த அலறலுக்குக் காரணம் உண்மையாகவே இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. ஒரு நிரல் தனக்கு வேண்டிய டிஎல்எல் என்ற துணைக் கோப்பைத் தேடும்போது விண்டோஸ் பொதுவாக அந்த நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் பார்க்கும், பிறகுதான் தன் சொந்தக் கிடங்குக்குப் போகும். அந்தப் பழக்கத்தை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். டிஜிவூடூவைப் பிரித்தால் 3டிஎஃப்எக்ஸ், எம்எஸ் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். விளையாட்டு வூடூ கேட்கிறதென்றால் முதலாவதிலிருந்து கிளைட் கோப்புகளையும், டைரக்ட்எக்ஸ் கேட்கிறதென்றால் இரண்டாவதிலிருந்து டிடிரா, டி3டிஇம், டி3டி8 முதலானவற்றையும் எடுத்து, விளையாட்டின் இயக்கக் கோப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். கூடவே டிஜிவூடூவின் அமைப்புக் கோப்பையும் கட்டுப்பாட்டு நிரலையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.

இங்கேதான் நான் ஒரு சனிக்கிழமை மாலை முழுவதையும் தொலைத்தேன். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் எக்ஸ்86, எக்ஸ்64 என்று உட்பிரிவுகள் உண்டு. என் விண்டோஸ் 64 பிட்தானே என்று எக்ஸ்64இலிருந்து எடுத்து வைத்தேன். 0எக்ஸ்சி000007பி என்று ஒரு பிழை எண் வந்து நின்றது. அதைத் தேடினால் விண்டோஸை மறுபடி போடச் சொல்லும் அறிவுரைகள்தான் வரிசையாக வந்தன. போட்டிருப்பேன், நல்ல வேளையாகத் தூக்கம் வந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் உறைத்தது: விளையாட்டு 32 பிட், அதற்குப் பக்கத்தில் நான் வைத்தது 64 பிட். கணினி எதுவாக இருந்தாலும் அந்தக் காலத்து விளையாட்டுக்கு எக்ஸ்86தான்.

பிறகு கட்டுப்பாட்டு நிரலைத் திறங்கள். டைரக்ட்எக்ஸ் பக்கத்தில், டிஜிவூடூவை ஒதுக்கிவிட்டு நிஜ டைரக்ட்எக்ஸுக்கே அனுப்பும் தேர்வு ஒன்று இருக்கும். அதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். நினைவக அளவை 256 எம்பி அளவிலேயே வையுங்கள். 8 ஜிபி இருக்கிறதே, கூட்டி வைப்போம் என்று ஆசைப்படாதீர்கள். மூட வந்த ஓட்டையை நாமே மறுபடி திறந்ததாகிவிடும். திரையின் மூலையில் டிஜிவூடூவின் முத்திரையைக் காட்டும் தேர்வை உடனே எடுத்துவிட வேண்டாம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் வைத்த கோப்பைத்தான் விளையாட்டு எடுத்துக்கொண்டது என்பதற்கு அதுதான் சாட்சி. முத்திரை தெரியவில்லையென்றால் மற்ற அமைப்புகளைத் திருகிப் பயன் இல்லை. தவறான கோப்பை வைத்திருக்கிறீர்கள் அல்லது தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். தெரிந்த பிறகு எடுத்துவிடலாம். படம் பக்கவாட்டில் இழுபட்டால் விகிதத்தைக் காக்கும் அளவுமுறையைத் தேர்ந்தெடுங்கள். அவை 4:3 திரைக்கு வரைந்தவை; இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும். கார்களையும் மனிதர்களையும் அகலமாக்கிப் பார்ப்பதைவிட அது மேல்.

இதையெல்லாம் நான் எதற்காகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு 2 சிறப்புப் பதிப்பு. பள்ளி நாட்களில் மெக்லாரன் எஃப்1ஐயும் ஃபோர்டு ஜிடி90ஐயும் எத்தனை முறை அதில் ஓட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதற்குக் கிளைட் தவிர வேறு முடுக்கம் தெரியாது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. எங்கள் வீட்டிலும் தெருவிலும் யாரிடமும் வூடூ கார்டு இல்லை. ஆக நாங்கள் எல்லோரும் ஓட்டியது செயலி தனியாக வரைந்த ஏழைப் பதிப்பு. அந்த ஃபோல்டரில் வூடூவுக்கென்று தனி இயக்கக் கோப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தில் முடியும். அது எதற்கென்று தெரியாமலே அத்தனை வருடம் பக்கத்துக் கோப்பைச் சொடுக்கிக்கொண்டிருந்தோம்.

கிளைட் கோப்பை வைத்து, அந்த 'ஏ' கோப்பைத் திறந்தபோது அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாலை ஓரங்களின் கட்டங்கள் கரைந்து மழமழப்பாகியிருந்தன. தூரத்தில் பனிமூட்டம். காருக்குள்ளிருந்து பார்க்கும் கோணத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரையில் ஏதோ அழுக்கு ஒட்டியிருந்தது. வேகத்தைக் குறைக்காமல் விரலால் துடைத்தேன். போகவில்லை. இன்னொன்று வந்து ஒட்டியது. "மாமா, அது விளையாட்டுக்குள் இருக்கிறது" என்றான். உண்மைதான்: வூடூ பதிப்பில் பூச்சிகள் பறந்து வந்து முன்கண்ணாடியில் மோதி அப்புகின்றன. மனப்பாடமாக இருந்த சாலையில் அன்று நான் கடைசியாக வந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாவது விளையாட்டு திறந்தவுடன் மூடிக்கொள்கிறது என்றீர்கள். அது ஓபன்ஜிஎல் என்ற இன்னொரு முப்பரிமாண மொழி பேசும் விளையாட்டாக இருந்தால் டிஜிவூடூ உதவாது. அந்த வகையில் ஒரு பழைய நோய் உண்டு: கார்டு தன் திறமைகளைப் பட்டியலாக வாசிக்கும், விளையாட்டு அதை எழுதிக்கொள்ள ஒரு சிறிய இடத்தைத்தான் ஒதுக்கியிருக்கும், இன்றைய கார்டின் பட்டியல் மிக நீளம், இடம் வழிந்து விளையாட்டு விழுந்துவிடும். என்விடியா டிரைவரில் பட்டியலைக் குறைத்து வாசிக்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. லினக்ஸில் மெசா டிரைவர் என்றால், எந்த வருடம் வரையிலான திறமைகளைச் சொல்ல வேண்டும் என்றே கட்டளையிடலாம். 2003 என்று கொடுத்தால் அதற்குப் பிறகு கற்றதையெல்லாம் மறைத்துவிடும்.

புல்வெளி செந்நிறமாகவும் நீர் பல வண்ணமாகவும் தெரிகிறதா? அது முப்பரிமாணச் சிக்கலே அல்ல. 256 வண்ண டைரக்ட்டிராவின் கோளாறு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ஐ விண்டோஸ் 7இல் ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும். சிஎன்சி-டிடிரா என்ற நிரலை அதே முறையில் ஃபோல்டரில் வைத்தால் பொதுவாகத் தீர்ந்துவிடும்.

மடிக்கணினியில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய விளையாட்டைப் பார்த்ததும் விண்டோஸ் அதைச் சின்னதிடம் தள்ளிவிடும். அமைப்புகளில் திரை, அதற்குள் கிராபிக்ஸ் என்று போய், விளையாட்டைச் சேர்த்து உயர் செயல்திறனைத் தேர்ந்தெடுங்கள். டிஜிவூடூவிலும் எந்தக் கார்டு என்று சொல்ல இடம் உண்டு. உண்மையில் இந்த வயது விளையாட்டுகளுக்குச் சின்னதே தாராளம்.

எல்லாம் சரியாகி, கார்கள் திடீரென்று பேய் பிடித்தாற்போல் துள்ளினால் வேகத்தைக் கட்டுங்கள். நொடிக்கு 30 படம் என்று நம்பி இயற்பியலை எழுதிய விளையாட்டுகள் உண்டு. 300 படம் கொடுத்தால் அவை நிலைகுலைந்துவிடும். டிஜிவூடூவில் நொடிக்கு இத்தனை என்று வரம்பு வைக்கலாம்.

சிடியிலேயே நிறுவல் தொடங்கவில்லை, அல்லது சிடி உள்ளே இருந்தும் சிடி எங்கே என்று கேட்கிறது என்றால் அது இந்தக் கதையில் சேராது. 16 பிட் நிறுவிகள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. சிடியை நகலெடுக்காமல் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுக்கு வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10 கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்டவற்றுக்கு ஜிஓஜி போன்ற கடைகளில் மறுபதிப்பு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அவற்றில் சிலவற்றோடு டிஜிவூடூவோ என்கிளைட்டோ சேர்ந்தே வரும். வாங்கியதும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தால் அதன்மேல் நீங்கள் இன்னொன்றைப் போட வேண்டாம்.