பழைய கட்டடத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் புதுக் கட்டட விதிகள் முழுவதும் பொருந்துமா?

பழைய கிடங்கு ஒன்றை வாங்கிக் குடியிருப்பாக மாற்ற நினைக்கிறீர்கள். இன்று புதிதாகக் கட்டும் கட்டடத்துக்குரிய விதிகள் எல்லாம் அதற்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்க விதிகளின்படி எல்லாம் பொருந்தாது. ஆனால் கிடங்கைக் கிடங்காகவே வைத்துச் சீரமைப்பவரைவிட உங்களிடம் நிறையவே கேட்பார்கள். பழைய கட்டடங்களின் சீரமைப்பு வரைபடங்களோடு வேலை செய்பவன் என்பதால், காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிகளில், அதாவது ஊர்கள் எடுத்துக்கொள்வதற்காகப் பொதுவாக எழுதிவைத்த விதிகளில், பல பத்தாண்டுகள் ‘25–50 சதவீத விதி’ என்று ஒன்று இருந்தது. ஓராண்டில் செய்யும் வேலையின் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தாண்டினால், கட்டடம் முழுவதையும் புதுக் கட்டட விதிக்குக் கொண்டுவர வேண்டும். 25 சதவீதத்துக்குக் கீழே என்றால் பழையபடியே பழுதுபார்த்துக்கொள்ளலாம். இடைப்பட்டது அதிகாரியின் முடிவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவுக்கும் ஆபத்துக்கும் என்ன சம்பந்தம்? விலை உயர்ந்த கல்லில் தரை போட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. பாரம் தாங்கும் சுவரில் ஒரு வாசல் உடைக்க அதிகம் செலவாகாது, மேல் மாடியே இறங்கிவிடலாம். மதிப்பு குறைந்த கட்டடம்தான் சிறிய வேலையிலேயே பாதியைத் தொட்டுவிடும் என்பது இன்னும் கொடுமை. அதிகம் சீரமைக்க வேண்டிய கட்டடத்துக்கே கதவை அடைத்த விதி அது. 1980 வாக்கில் மாதிரி விதிகள் அதைக் கைவிடத் தொடங்கின.

அதன் இடத்தில் வந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. எவ்வளவு செலவு என்று பார்க்காமல், என்ன வேலை என்று பார்ப்பது. நியூ ஜெர்சி 1998-இல் கொண்டுவந்த சீரமைப்பு விதிகள் இதற்கு முன்னோடி. பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு, மாற்றம், மறுகட்டமைப்பு என்று வேலையை வகை பிரித்து, வேலை பெரிதாகப் பெரிதாகக் கடமையும் கூடும்படி அவற்றை எழுதினார்கள். ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கென்றே 2003-இல் வந்த ஐஇபிசி என்ற மாதிரி விதித்தொகுப்பும் இதே வழியில்தான் போகிறது. அதில் மாற்ற வேலை மூன்று நிலை. இருக்கும் பொருளைக் கழற்றிப் புதிது பொருத்துவது முதல் நிலை. அறைகளின் அமைப்பை மாற்றுவது, கதவு ஜன்னல் சேர்ப்பது, குழாய் வயரிங்கை நீட்டுவது இரண்டாம் நிலை. வேலை நடக்கும் பரப்பு கட்டடத்தில் பாதிக்கு மேல் போனால் மூன்றாம் நிலை.

உங்களுக்கு முக்கியமானது பயன்பாட்டு மாற்றம். அதற்குத் தனிக் கணக்கு. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஆபத்தின் படிநிலை வகுத்திருக்கிறார்கள். மேல்படிக்குப் போனால் கேள்வி கூடும், அதே படியிலோ கீழேயோ இருந்தால் குறையும். வெளியேறும் வழி என்று வரும்போது கிடங்கைவிடக் குடியிருப்பு மேல்படியில் இருக்கிறது. கிடங்கில் இருப்பவர் விழித்திருக்கிறார், புகை வந்தால் உடனே ஓடுவார். குடியிருப்பில் குழந்தைகளும் முதியவர்களும் தூக்கத்தில் இருப்பார்கள். அதனால் வெளியேறும் வழிகள், படிக்கட்டைச் சூழும் தீத்தடுப்புச் சுவர், புகை அலாரம், தீப்பிடித்தால் தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் ஆகியவற்றில் சலுகை எதிர்பார்க்காதீர்கள். எதிர்பார்க்கவும் கூடாது என்பேன்.

சலுகை கிடைக்கும் இடங்களும் உண்டு. படிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கட்டடத்தின் பொதுப் படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 7 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, மிதிக்கும் அகலம் 11 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பழைய படிக்கட்டுகள் இதைவிடச் செங்குத்தாக இருப்பது சகஜம். சரிவைக் குறைக்க உள்ளே இடமே இல்லையென்றால், அதே சரிவில் மாற்றி அமைக்க இந்த விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. கைப்பிடியை மட்டும் ஒழுங்காகப் போடச் சொல்வார்கள். அதேபோல, மெல்லிய மரப்பட்டிகைகளின் மேல் சாந்து பூசிய பழைய சுவர் தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல 1980-லேயே அமெரிக்க அரசு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சான்றிதழ் இல்லை என்பதற்காக நல்ல சுவரை இடித்துத் தள்ள வேண்டியதில்லை.

அப்புறம் பாரம். மாற்றத்தால் ஒரு பீமின் மீதோ தூணின் மீதோ வரும் செங்குத்துப் பாரம் 5 சதவீதத்துக்கு மேல் கூடினால், அந்த உறுப்பு புதுக் கட்டட அளவுக்குத் தாங்க வேண்டும். இதில் கிடங்கு உங்களுக்குச் சாதகம். குடியிருப்புத் தளத்துக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு கணக்கு, கிடங்குத் தளம் அதைவிடப் பல மடங்குக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் அது போட்டபோது இருந்த பலம். கசிவில் அரித்த இரும்பையும் உளுத்த மரத்தையும் இன்ஜினியர் நேரில் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒவ்வோர் ஊரும் இந்த முன்மாதிரி விதிகளைத் தன் வசதிக்கு மாற்றித்தான் ஏற்கிறது, சில ஊர்கள் ஏற்பதே இல்லை. எனவே விலை பேசி முடிப்பதற்கு முன்பே, பயன்பாட்டு வகை என்ன, மாற்றம் எந்த நிலையில் வரும் என்ற இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு உங்கள் ஊர்க் கட்டட அதிகாரியைப் பாருங்கள். அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வெளியேறும் வழியாக இரண்டாவது படிக்கட்டு போட இடம் இருக்கிறதா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். இடம் இல்லையென்றால் எத்தனை வீடுகள் போடலாம் என்ற உங்கள் கணக்கே மாறும்.